ஆய்வுக் குழுவில் நோயாளியும் ஓர் ஆள்: டெல்டாவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதானவர்களைக் கேட்டால், யானைக்கால் நோய்க்காக ராத்திரியில் ஆட்கள் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனதைச் சொல்வார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும், அதனால்தான் அந்த நேரம். எடுத்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று யாராவது திரும்பி வந்து சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். நோயாளிக்கும் ஆராய்ச்சிக்கும் நம் பக்கம் நெடுங்காலம் இருந்த உறவு அவ்வளவுதான்: கையை நீட்டு, கையெழுத்துப் போடு, போய் வா.

இப்போது வேறு மாதிரியான அழைப்பும் வர ஆரம்பித்திருக்கிறது. "உங்களை வைத்து ஆய்வு செய்யப் போவதில்லை, உங்களோடு சேர்ந்து செய்யப் போகிறோம், குழுவில் ஓர் ஆளாக வாருங்கள்" என்கிறார்கள். வெளிநாடுகளில் இது பழகிவிட்டது. பிரிட்டனில் 1996-லேயே இதற்கென்று அரசு ஆதரவோடு ஓர் அமைப்பு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் ஆய்வு நடக்கும் சமூகத்தைக் கலந்துகொள்ளச் சொல்கின்றன. சரி, அழைப்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் என்ன செய்வது? சுகர், பிரஷர், காசநோய், யானைக்கால், சிறுநீரகக் கோளாறு என்று எதோடாவது வாழ்கிறவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. இளம் டாக்டர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கேள்விக்கு விடை தேடுவது, எதை வைத்து அளப்பது, காசு எப்படிச் செலவாகும் என்ற மூன்றையும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்தால் அது கூட்டு. மூன்றையும் முடித்துக்கொண்டு வந்து "உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் அது மரியாதை மட்டும்தான். மரியாதையும் வேண்டியதே. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

1. எந்த நாற்காலிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்

மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள். மருந்து சாப்பிட, ரத்தம் கொடுக்க, பேட்டி கொடுக்க என்றால் நீங்கள் பங்கேற்பாளர். எப்போதாவது கூட்டத்துக்கு வந்து அபிப்பிராயம் சொல்ல என்றால் ஆலோசகர். ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருந்து முடிவெடுக்க என்றால் இணை ஆய்வாளர். மூன்றுமே நல்ல வேலைதான். ஆனால் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொன்றைச் செய்ய வைப்பது அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்தாயிற்றா, இனிமேல்தானா?" பணத்துக்கு விண்ணப்பம் போய், அனுமதியும் வாங்கியாகிவிட்டது என்றால் நீங்கள் ஆலோசகர்தான். அவர்கள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி.

மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதித்தான் தேற வேண்டும். உங்களிடம் வருகிறவர் அப்படி ஒரு மாணவராக இருந்தால், தலைப்பு அநேகமாக அவர் கையிலேயே இல்லை, பேராசிரியர் கையில் இருக்கும். பாவம், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

2. கேள்வியை ஊரிலிருந்து பொறுக்குங்கள்

இதுதான் பெரிய வேலை, இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். டாக்டருக்கு நோய் தெரியும். நோயோடு நடவுக்குப் போவது, பஸ் ஏறுவது, கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருவது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் ஒருவர் அனுபவம் ஊர் அனுபவம் ஆகிவிடாது. அதனால் குழுவில் சேர்ந்ததும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு நாலு பேரைக் கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஜனங்கள் புலம்பும் நேரம், டீக்கடை பெஞ்சு, இதெல்லாம் கேள்வி விளையும் இடங்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். "நெறி கட்டிக் குளிர் காய்ச்சல் வந்தா மூணு நாள் எந்திரிக்க முடியல" என்று ஒருவர் சொன்னால், அதை ஆஸ்பத்திரித் தமிழில் திருத்தி எழுத வேண்டாம். பிறகு டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நோட்டு நிறைந்ததும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் வகை, விடை ஏற்கெனவே தெரிந்தவை. யானைக்கால் உள்ளவர்கள் தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கை நன்றாக உலர்த்தி, சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட்டுவந்தால் நெறி கட்டுவது குறையும். விரல் இடுக்குப் புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது என்பது நிரூபணமான விஷயம். இதற்கு இன்னொரு ஆய்வு வேண்டாம், தெரிந்ததை ஊருக்குச் சொல்ல ஆள்தான் வேண்டும். இரண்டாம் வகை, குறைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது, டாக்டர் வருவதில்லை என்பதெல்லாம் ஆய்வுக் கேள்வி ஆகாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்க வேண்டியவை. இவற்றையும் தூக்கிப் போடாமல் தனியாக எழுதி வையுங்கள்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: யாருக்கும் இன்னும் விடை தெரியாதவை. எலிக்காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் பயந்து "வயலில் பூட்ஸ் போடுங்கள்" என்று அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நடவுச் சேற்றில் பூட்ஸோடு இறங்கியவர்களுக்குத் தெரியும், கால் வெளியே வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். அப்படியானால் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் பெண்ணின் காலுக்கு என்ன பாதுகாப்பு தாங்கும்? சுகரால் பாதம் மரத்துப்போனவர் கதிர் அறுத்த தாளில் நடந்து காலைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்விகள் சேற்றில் இறங்காத ஆளுக்குத் தோன்றாது.

இதை முறையாகச் செய்வதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, ஒவ்வொரு நோய்க்கும் நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூவரையும் கலந்து கேள்விகளைத் திரட்டுகிறது. விடை தெரிந்தவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, முதல் பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு அங்கே இடம் கிடையாது. நம் ஊருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு பிளாக்கில் செய்தாலே போதும், பத்துக்குப் பதில் நாலு கேள்வி கிடைத்தாலும் போதும்.

நம் மாநிலத்திலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதையும் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1959-இல் முடிவை வெளியிட்டது. ஏழை வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை மாறியதற்கு அது ஒரு காரணம். அந்தக் கேள்வியை நோயாளிகள் எழுப்பவில்லை, படுக்கைப் பற்றாக்குறைதான் எழுப்பியது. இருந்தாலும் குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டுமா என்பதைவிட நோயாளியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிற கேள்வி வேறு என்ன?

3. எதை அளக்கப் போகிறார்கள்?

கேள்வியில் ஜெயித்துவிட்டு அளவுகோலில் தோற்றுவிடலாம். யானைக்காலுக்கு ஒரு சிகிச்சையைச் சோதிக்கிறார்கள் என்று வையுங்கள். டேப்பை வைத்துக் கணுக்கால் சுற்றளவு எடுப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் வெற்றி. உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மாதத்தில் எத்தனை நாள் காய்ச்சல் இல்லாமல் வேலைக்குப் போனேன், செருப்பு நுழைகிறதா, நாற்றம் போனதா, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனேனா என்பீர்கள். இதையும் படிவத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

"அதெல்லாம் அளக்க முடியாதே" என்று பதில் வரலாம். வந்தால் இதைச் சொல்லுங்கள். முடக்குவாத ஆய்வில் எதை அளப்பது என்று பேசும் சர்வதேச மாநாடு ஒன்றில், 2002-இல் முதல் தடவையாக நோயாளிகளையும் உட்கார வைத்தார்கள். டாக்டர்கள் வலியையும் வீக்கத்தையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளோ, எங்களைக் கொல்வது அசதி என்றார்கள். அசதியை அளக்கும் வழிகளைத் தேடினார்கள், சோதித்தார்கள். சில வருடங்களில், அந்த நோய்க்கான ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று அந்த மாநாட்டை நடத்தும் அமைப்பே பரிந்துரைத்தது.

4. காசு

கூச்சப்படாமல் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டிய விஷயம். மாச முடிவில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பேச மாட்டார்கள்.

போக்குவரத்துச் செலவு, கூலி இழப்பு, செய்த வேலைக்கு ஊதியம் என்று மூன்று தனித்தனி விஷயங்கள் இதில் இருக்கின்றன. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால் "உங்களுக்குத்தான் செலவே இல்லையே அம்மா" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. போகிற நாளில் விட்டுப்போகும் நடவுக் கூலிதான் உண்மையான செலவு. வீட்டில் படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தியை வைத்துவிட்டு வந்தால் அதுவும் செலவுதான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கும், புள்ளிவிவர நிபுணருக்கும், திட்ட உதவியாளருக்கும் அந்த நேரத்துக்குச் சம்பளம் ஓடுகிறது. உங்களுக்கு மட்டும் டீ, பிஸ்கட், சால்வை என்றால் சமம் எங்கே இருக்கிறது? சால்வையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதை எந்த மளிகைக் கடையும் வாங்கிக்கொள்ளாது.

பங்கேற்பாளருக்குக் கொடுக்கும் பணம் வேறு, குழு உறுப்பினருக்குக் கொடுக்கும் பணம் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறவருக்குப் பெரிய தொகை காட்டினால் அது ஆசை காட்டுவதாகிவிடும். அதனால் அங்கே செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டுவதோடு நிறுத்துவார்கள், அது சரிதான். இணை ஆய்வாளர் வேலை செய்கிறார், அவருக்கு இந்தத் தடை பொருந்தாது. ஊதியத்தை ஆரம்பத்திலேயே திட்டச் செலவுப் பட்டியலில் ஒரு தலைப்பாகப் போடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத பணத்தைப் பிறகு எந்த நல்ல மனசுக்காரராலும் எடுத்துக் கொடுக்க முடியாது, ஆடிட்டில் மாட்டிக்கொள்வார். வங்கிக் கணக்கில் போடுவார்களா, கையில் தருவார்களா, எத்தனை நாளில் என்றும் கேட்டு வையுங்கள். பஸ் காசு ஆறு மாசம் கழித்து வருவது நம் பக்கம் அதிசயம் இல்லை.

5. நாள், இடம்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை. அப்புறம் சம்பா, தாளடி. நடவு, களையெடுப்பு, தை மாசி அறுப்பு என்று கூலி கிடைக்கும் நாட்கள் வருடத்தில் குறிப்பிட்ட வாரங்கள்தான். அந்த வாரங்களில் கூட்டம் வைத்துவிட்டு "ஆட்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று அறிக்கை எழுதுகிறார்கள். ஆய்வுக் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பயிர்க் கால அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். பெரிய முகூர்த்த நாட்களையும் அடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் நகர முடியாது, அதற்கும் ஒரு மாற்று நாள் இருக்கட்டும்.

எல்லாக் கூட்டத்தையும் தஞ்சாவூரில் வைத்தால் வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடை ஊர்க்காரர்கள் விடியற்காலையில் கிளம்பி, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பாதியில் எழுந்திருக்க வேண்டியதாகும். இடத்தை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கிராமத்தில் எந்த இடத்தில் கூட்டம் நடக்கிறது என்பதை வைத்தே யார் வருவார்கள் என்பது முடிவாகிவிடும். ஊர்த் தெரு மண்டபத்திலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ வைத்தால் காலனிக்காரர்கள் வாசலோடு நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். வயலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் காலனியில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சுகாதார நிலையம் பரவாயில்லை. எல்லோருக்கும் நாற்காலி, இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஜமக்காளம். ஆய்வாளர் வெளியூர்க்காரராக இருந்தால் இது அவருக்குப் புரியாது. தயங்காமல் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. படிவங்களைப் பாருங்கள்

ஆய்வில் சேர்கிறவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆய்வுக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2019-இல் வந்த புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் சாதாரணப் பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர் கட்டாயம். மருந்துச் சோதனை என்றால் சிடிஆர்ஐ என்கிற தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 2007-இல் தொடங்கிய பதிவேடு அது, யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் காலேஜ் போகிற பிள்ளையிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். என்ன மருந்து, யார் பணம், எத்தனை பேர் எல்லாம் அதில் இருக்கும். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பது விதி. படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழு உறுப்பினராக உங்களுக்கு இங்கே ஒரு நல்ல வேலை உண்டு. ஒப்புதல் படிவத்தை எட்டாவது படித்த ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று இருந்தால், "சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, புது மருந்தா, பழைய மருந்தா என்று டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது" என்று மாற்றுங்கள். அதே மாதிரி, ஆய்வில் சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரியைப் பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். கடைசிப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை.

7. கூட்டத்தில் பேசுவது

பெரிய டாக்டர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், இயற்கைதான். தனியாகப் போகாதீர்கள். குழுவில் நோயாளிகள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஒரே ஒருவர் இருந்தால் அவர் தலையாட்ட மட்டுமே வருவார். பேச வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். திரையில் இங்கிலீஷ் ஓடினால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். "டாக்டர் ஐயா" என்று கூப்பிடுவதால் ஒன்றும் குறையாது, ஆனால் "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடிக்காதீர்கள். கூட்டக் குறிப்பில் நீங்கள் சொன்னதும், அதற்கு என்ன முடிவாயிற்று என்பதும் பதிவாகியிருக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்ற காரணமும். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் நீங்கள் சொல்வதே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எத்தனை பேரைச் சேர்த்தால் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும் என்பது கணக்கு, அதில் புள்ளிவிவரக்காரர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

8. நீங்களே பேட்டி எடுக்கப் போனால்

சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் பேட்டி எடுக்காதீர்கள், அடுத்த ஊரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசநோயோ எச்ஐவியோ இருப்பது வெளியே தெரிந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். கேட்டது நோட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டுக்காரரிடம்கூட. பேட்டிக்குப் பயிற்சி கொடுத்தால்தான் போவேன் என்று சொல்வது உங்கள் உரிமை.

9. முடிவு முதலில் யாருக்கு?

ஆய்வு முடிந்து கட்டுரை வெளிவர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதற்கு முன்பே, ஒரே பக்கத்தில், தமிழில், ஊருக்குச் சொல்ல வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். யார் பெயரும் அடையாளமும் வராமல் பார்த்துக்கொண்டால் கிராம சபையிலேயே வாசிக்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் சபை கூடுகிறது. எது தோதோ அதைப் பார்த்து ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதையும் ஆரம்பத்திலேயே பேசுங்கள். ஆய்வை வடிவமைத்ததிலோ, தரவைத் திரட்டியதிலோ, பொருள் சொன்னதிலோ பங்கு இருந்து, எழுதியதைப் படித்துத் திருத்தி, கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லி, பொறுப்பும் ஏற்றுக்கொண்டால் நீங்களும் ஆசிரியர்தான். டாக்டர் பட்டம் தேவை என்று மருத்துவ இதழ்களின் விதியில் எங்கும் இல்லை. ஆனால் பெயர் போட்டால் உங்களுக்கு அந்த நோய் இருப்பது உலகத்துக்குத் தெரியும். வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

10. விலகுவதும், இடம் விடுவதும்

பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். உங்கள் சிகிச்சைக்கு அதனால் குறை வரக் கூடாது. வந்தால் படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

பிரச்சினை எதுவும் இல்லாவிட்டாலும் ரொம்ப வருடம் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. போகப் போக நாமும் டாக்டர் மாதிரியே பேச ஆரம்பித்துவிடுவோம், ஊர் பேசுவது காதில் விழாமல் போகும். அதனால் இரண்டாம் வருடத்திலேயே வேறொருவரைக் கூடவே அழைத்துப் போய்ப் பழக்குங்கள். நோட்டையும், கூட்டக் குறிப்புகளையும், அலுவலகத்தில் உண்மையில் போன் எடுக்கிறவர் நம்பரையும் அவரிடம் கொடுங்கள். வர வேண்டிய பஸ் காசு பாக்கி இருந்தால் அதை வாங்கிக்கொண்டு விலகுங்கள். பாக்கியோடு இடத்தை விட்டால் புதிதாக வருகிறவருக்கும் அதே வழக்கம்தான் தொடரும்.